சின்ன ரோபோ மோட்டார்கள் சூடாகி எரிவது ஏன்? திரும்பும் நேரத்தைக் கவனியுங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மூன்று கிலோ எடையில் ஒரு நான்கு சக்கர ரோபோ. நான்கு சக்கரத்துக்கும் கடைகளில் கிடைக்கும் மஞ்சள் நிற டிடி கியர் மோட்டார், 1:48 கியர் விகிதம் (மோட்டார் 48 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று), 65 மில்லிமீட்டர் சக்கரம். முதலில் 7.4 வோல்ட் பேட்டரியும் எல்298என் டிரைவரும் (பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே இருந்து மோட்டாரை ஓட்டும் பலகை) இருந்தன. நேராக ஓடியது, நின்ற இடத்தில் திரும்ப மட்டும் மறுத்தது. அதனால் 3 செல் லிப்போ பேட்டரியும், 43 ஆம்பியர் என்று போட்ட பிடிஎஸ்7960 டிரைவர் இரண்டும் போட்டார்கள். இப்போது திரும்புகிறது. ஆனால் பத்து நிமிடத்துக்குள் இரண்டு மோட்டார் புகைந்து நின்றுவிட்டன. "மலிவு மோட்டார் வாங்கியதுதான் தப்பா, இல்லை 43 ஆம்பியர் டிரைவர் அதிக கரண்டை உள்ளே தள்ளிவிட்டதா?" என்பது கேள்வி.

இரண்டுமே காரணமில்லை. டிடி மோட்டாரின் தரம் சுமார்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே அளவில் இன்னும் நல்ல மோட்டாரை வாங்கி இதே வேலையைக் கொடுத்தாலும் எரியும். டிரைவரும் தன் பெட்டியில் 43 என்று போட்டிருப்பதற்காக 43 ஆம்பியரைத் தள்ளாது. மோட்டார் இழுக்கும் கரண்டைத்தான் அது கொடுக்கும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதைச் சக்கரத்தில் இருக்கும் சுமை முடிவு செய்கிறது. உங்கள் ரோபோவில் அந்தச் சுமை நேராக ஓடும்போது ஒன்றுமே இல்லை, நின்ற இடத்தில் திரும்பும்போது மோட்டாரின் முழுத் திறனையும் விழுங்குகிறது.

முதலில் மோட்டாருக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம். பிரஷ் (சுழலும் பகுதியை உரசிக்கொண்டே அதற்குக் கரண்ட் கொடுக்கும் தகடு) வைத்த டிசி மோட்டாரில் முறுக்கு விசையும் கரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்கும். இரண்டு மடங்கு விசை வேண்டுமானால் இரண்டு மடங்கு கரண்ட். சுழலும் மோட்டார் தானே ஒரு ஜெனரேட்டராகவும் வேலை செய்து, பேட்டரிக்கு எதிராக ஒரு வோல்டேஜை உண்டாக்குகிறது. வேகமாகச் சுற்றச் சுற்ற அந்த எதிர் வோல்டேஜ் ஏறும், கரண்ட் இறங்கும். சுமை கூடி வேகம் குறைந்தால் எதிர் வோல்டேஜ் குறைந்து கரண்ட் ஏறும். மோட்டார் அப்படியே நின்றுவிட்டால் எதிர் வோல்டேஜ் பூஜ்யம். அப்போது கரண்டைத் தடுக்க காயிலின் மின்தடையைத் தவிர வேறு எதுவும் இல்லை. இந்த நிலையைத்தான் ஸ்டால் என்கிறோம்.

டிடி மோட்டார் 6 வோல்ட்டில் சுமை இல்லாமல் சுற்றும்போது சுமார் 160 மில்லி ஆம்பியர் எடுக்கும். பிடித்து நிறுத்தினால் சுமார் 1.5 ஆம்பியர். அப்படியானால் காயிலின் மின்தடை 4 ஓம். மலிவு மோட்டார்களில் இது ஆளுக்கு ஆள் மாறும், அதனால் உங்களுடையதை மல்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். நான் 4 என்றே கணக்குப் போடுகிறேன்.

காயிலில் உண்டாகும் வெப்பம் கரண்டின் வர்க்கம் பெருக்கல் மின்தடை. ஸ்டால் கரண்டில் கால் பங்கு, அதாவது 0.375 ஆம்பியர் ஓடினால் 0.56 வாட். முழு ஸ்டாலில் 9 வாட். விசை நான்கு மடங்கு கூடும்போது வெப்பம் பதினாறு மடங்கு கூடுகிறது. இதே மோட்டாரை 12 வோல்ட்டில் நிறுத்திப் பிடித்தால் 3 ஆம்பியர், 36 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் எடுக்கும் மின்சாரம் இது. கட்டைவிரல் நுனி அளவுள்ள தகரக் கூடு, காற்றோட்டம் இல்லாத இடத்தில், எனக்குத் தெரிந்து 1 வாட்டுக்கே சுமார் 40 டிகிரி சூடேறும்.

இப்போது திரும்பும் விஷயம். நான்கு சக்கரமும் நேராகப் பொருத்தப்பட்ட ரோபோ நின்ற இடத்தில் திரும்பினால், ஒவ்வொரு சக்கரமும் உருள்வதோடு பக்கவாட்டில் தரையைத் தேய்த்துக்கொண்டும் போக வேண்டும். வேறு வழியே இல்லை, வடிவமைப்பு அப்படி. மூன்று கிலோவை நான்காகப் பிரித்தால் ஒரு சக்கரத்தின் மேல் 750 கிராம். ரப்பர் சக்கரத்துக்கும் சிமென்ட் தரைக்கும் இடையே பக்கவாட்டு உராய்வுக் கெழுவை 0.6 என்று குறைத்தே வைக்கிறேன். அப்படியானால் ஒரு சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுக்க 450 கிராம் விசை வேண்டும். முன் பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரமும், இடம் வலம் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரமும் சமமாக இருந்தால், அந்த 450 கிராமையும் ஒவ்வொரு சக்கரமும் முன்னோக்கித் தள்ளியே ஈடுகட்ட வேண்டும். சக்கரத்தின் ஆரம் 3.25 சென்டிமீட்டர். பெருக்கினால் ஒரு சக்கரத்துக்கு வேண்டிய முறுக்கு விசை ஏறக்குறைய 1.46 கிலோ-சென்டிமீட்டர்.

டிடி மோட்டார் 6 வோல்ட்டில் தரக்கூடிய உச்ச முறுக்கு விசை, அதாவது நின்றுபோகும் இடத்தில் உள்ள விசை, சுமார் 0.8 கிலோ-சென்டிமீட்டர். 7.4 வோல்ட் பேட்டரியில் எல்298என் தன் பங்குக்கு 2 வோல்ட் அளவு தின்றுவிடும் (அது பழைய பைபோலார் டிரான்சிஸ்டர் சிப், அதன் இயல்பு அப்படி). மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது ஐந்தரை வோல்ட்தான். 0.8 கூட இல்லாத மோட்டாரிடம் 1.46 கேட்டால் ரோபோ திரும்பாது. அதுதான் முதலில் நடந்தது.

3 செல் லிப்போவை 12 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். உச்ச விசை இரண்டு மடங்காகி 1.6 ஆகிவிட்டது. 1.46 வேண்டியிருந்தது, 1.6 இருக்கிறது, ரோபோ திரும்பிவிட்டது. ஆனால் மோட்டார் ஸ்டாலை ஒட்டிய நிலையில், ஊர்ந்துகொண்டே திரும்புகிறது. கரண்ட் சுமார் 2.7 ஆம்பியர், ஒவ்வொரு மோட்டாரிலும் 29 வாட் வெப்பம். டிரைவரை மாற்றியதும் பேட்டரியை மாற்றியதும் கோளாறைத் தீர்க்கவில்லை, மறைத்துவிட்டன. எல்298என் தின்ற இரண்டு வோல்ட்டும், தாங்க முடியாமல் சூடாகித் தானே அணைந்துகொள்ளும் அதன் பாதுகாப்பும்தான் அதுவரை மோட்டாரைக் காப்பாற்றி வந்தன. நல்ல டிரைவர் போட்ட பிறகு மோட்டார் எரியும் கதைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நேராக ஓடும்போது எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பாருங்கள். சமதரையில் உருள்வதற்கான தடை எடையில் 3 சதவீதம் என்றால் மொத்தம் 90 கிராம், ஒரு சக்கரத்துக்கு 0.07 கிலோ-சென்டிமீட்டர். திரும்புவதற்கு அதைப் போல இருபது மடங்கு வேண்டும். அதனால்தான் "நேராக ஓடும்போது தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லையே" என்று பலர் குழம்புகிறார்கள். சரிவு ஏறுவதும் இதே போலத்தான். 10 டிகிரி சரிவில் ஒரு சக்கரத்துக்கு 0.42, 20 டிகிரியில் 0.83. இரண்டாவது சரிவில் 6 வோல்ட் மோட்டார் நின்றேவிடும்.

இன்னொன்றையும் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஸ்டால் ஏன் இவ்வளவு சீக்கிரம் கொல்கிறது என்பது அதில்தான் இருக்கிறது. எரிந்த மோட்டாரின் பின்பக்க பிளாஸ்டிக் மூடியை, அதைப் பிடித்திருக்கும் இரண்டு தகர மடிப்புகளை நிமிர்த்திக் கழற்றுங்கள். உள்ளே மூன்று துருவ இரும்பு, அதில் மூன்று காயில், ஒரு முனையில் மூன்று செம்புத் துண்டுகள் கொண்ட கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் வளையம்) இருக்கும். பெரும்பாலும் மூன்று காயிலும் ஒரே மாதிரி கருகியிருக்காது. ஒன்று காபிக்கொட்டை நிறத்துக்குப் போயிருக்கும், மற்ற இரண்டும் கொஞ்சம் செம்பு நிறத்தோடேயே இருக்கும். காரணம் இணைப்பில் இருக்கிறது. மூன்று காயிலும் முக்கோணமாக இணைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு பிரஷ்களும் இரண்டு செம்புத் துண்டுகளைத் தொட்டு நிற்கும்போது, கரண்ட் இரண்டு வழியாகப் பிரிகிறது. ஒரு வழியில் ஒரே ஒரு காயில், மறு வழியில் இரண்டு காயில் வரிசையாக. தனியாக இருக்கும் காயில் மூன்றில் இரண்டு பங்கு கரண்டை எடுத்துக்கொள்ளும், மற்ற இரண்டிலும் ஒரு பங்குதான் ஓடும். வெப்பம் வர்க்கக் கணக்கு என்பதால் அந்த ஒரு காயில் மற்ற ஒவ்வொன்றையும் போல நான்கு மடங்கு சூடாகிறது. மொத்த வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒரே காயிலில்.

சுழலும் மோட்டாரில் இந்தப் பாரம் மூன்று காயிலுக்கும் மாறி மாறிப் போகும், சராசரியாகிவிடும். நின்ற மோட்டாரில் ஒரே காயில் மாட்டிக்கொள்கிறது. 36 வாட்டில் 24 வாட் அதற்கு. அந்தக் காயிலில் இருக்கும் செம்பு ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராம் செம்பை ஒரு டிகிரி சூடாக்க 0.39 ஜூல் போதும். வெப்பம் எங்கும் போகாவிட்டால் விநாடிக்கு 60 டிகிரி ஏறும். பக்கத்து இரும்பு கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், அதனால் இவ்வளவு வேகம் இருக்காது. இருந்தாலும் காயில் கம்பியின் எனாமல் தாங்கும் எல்லை வகைக்கு ஏற்ப 130, 155, 180 டிகிரி என்றுதான் இருக்கிறது. சுவரில் முட்டி நின்ற ரோபோவின் சக்கரங்களைச் சில விநாடி விட்டுவைத்தாலே எனாமல் அந்த எல்லையைத் தொட்டுவிடும். அதே இடத்தில் பிரஷ் தொடும் செம்பும் சூடாகிக் குழி விழும்.

அப்போது வெளிக்கூட்டைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். காயிலுக்கும் கூட்டுக்கும் இடையே காற்று இடைவெளி இருக்கிறது. காயில் விநாடிகளில் சூடாகும், கூடு சூடாக நிமிடங்கள் ஆகும். விரலால் தொட்டுப் பார்ப்பது நீண்ட நேரம் ஒரே சுமையில் ஓடும் மோட்டாருக்கு ஓரளவு உதவும். விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் 55, 60 டிகிரி தாண்டிவிட்டது, உள்ளே அதைவிட அதிகம். ஸ்டாலைக் கண்டுபிடிக்க விரல் உதவாது.

சூடு ஏறிய பிறகு நிலைமை தானே மோசமாகிறது. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் கூடும், 100 டிகிரி ஏறினால் 39 சதவீதம். இந்த மோட்டார்களில் இருக்கும் ஃபெரைட் காந்தம் ஒரு டிகிரிக்கு 0.2 சதவீதம் வலுவிழக்கும். காந்தம் 50 டிகிரி ஏறினால் 10 சதவீதம் போச்சு. அதே சுமையைத் தள்ள இப்போது 11 சதவீதம் கூடுதல் கரண்ட் வேண்டும். இரண்டையும் சேர்த்தால் அதே சுமைக்கு வெப்பம் 1.7 மடங்கு. ஃபெரைட்டாவது ஆறியதும் பெரும்பாலும் பழைய வலுவுக்குத் திரும்பும். நியோடிமியம் காந்தம் வைத்த சின்ன மோட்டார்களில் சாதாரண ரகம் 80 டிகிரியைத் தாண்டினால் இழந்ததில் ஒரு பகுதி திரும்பவே வராது. அப்படி அடிபட்ட மோட்டார் சுமை இல்லாமல் முன்பைவிட வேகமாகச் சுற்றும், சுமை கொடுத்தால் படுத்துவிடும். "இன்னும் வேகமாத்தானே ஓடுது, நல்லாத்தான் இருக்கு" என்று அதைத் திரும்ப மாட்டிவிடுவார்கள்.

எரியும்போது முதலில் எது போகும் என்பது மோட்டாருக்கு மோட்டார் மாறும். எனாமல் உருகிப் பக்கத்துச் சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டால் மின்தடை குறைந்து கரண்ட் இன்னும் ஏறும். அந்த எரிந்த வார்னிஷ் வாசனையைக் காயில் கட்டும் கடைப் பக்கம் போனவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். சில மோட்டார்களில் காயில் நுனியைக் கம்யூட்டேட்டரில் பற்றவைத்த ஈயம் 183 டிகிரியில் உருகித் தெறித்துவிடும். மலிவு மோட்டாரில் அதற்கும் முன்பே பின்மூடி பிளாஸ்டிக் இளகி, பிரஷ் தகடு இடம் நகர்ந்துவிடும். அப்படிப்பட்ட மோட்டார் தட்டினால் ஓடும், விட்டால் நிற்கும். தண்டைத் தாங்கும் எண்ணெய் ஊறிய வெண்கல புஷ் சூட்டில் எண்ணெயை இழந்து கிரீச்சிடத் தொடங்குவதும் உண்டு.

நம் ஊரில் ஒரு நம்பிக்கை வலுவாக இருக்கிறது: லோ வோல்டேஜ் வந்தால் மோட்டார் காயில் போய்விடும் என்று. கிணற்று மோட்டாருக்கு அது உண்மை. அது இண்டக்‌ஷன் மோட்டார், வோல்டேஜ் குறைந்தால் அதே தண்ணீரைத் தள்ள அதிக ஆம்பியர் எடுத்துக் காயிலைச் சுட்டுவிடும். அந்த அனுபவத்தை டிசி மோட்டாருக்குக் கொண்டுவரக் கூடாது. டிசி மோட்டாரில் விசைக்கு வேண்டிய கரண்ட் வோல்டேஜைப் பொறுத்தது இல்லை. வோல்டேஜ் குறைந்தால் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். நின்றுபோனால்கூட ஸ்டால் கரண்டும் குறைந்த வோல்டேஜுக்கு ஏற்பக் குறைவாகவே இருக்கும். "பேட்டரி பத்தாததால்தான் எரிந்தது, இன்னும் பெரிய பேட்டரி போடு" என்ற யோசனை இங்கே தலைகீழாகத்தான் முடியும்.

பிடபிள்யூஎம் (வேகத்தைக் குறைக்க மின்சாரத்தை மிக வேகமாக அணைத்து அணைத்துப் போடுவது) பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்டுயினோ ஊனோ என்ற கட்டுப்பாட்டுப் பலகையின் பெரும்பாலான பின்களில் அது விநாடிக்கு 490 முறை, அதாவது ஒரு சுற்றுக்கு 2 மில்லி விநாடி. சின்ன மோட்டாரின் இண்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் குணம்) மிகக் குறைவு, அரை மில்லி விநாடிக்குள் கரண்ட் முழுதாக ஏறி, அணைந்ததும் முழுதாக இறங்கிவிடும். விசையைத் தருவது சராசரி கரண்ட். சூட்டைத் தருவது கரண்டின் வர்க்கத்தின் சராசரி. பாதி நேரம் முழுக் கரண்ட், பாதி நேரம் பூஜ்யம் என்றால், அதே சராசரிக் கரண்டைச் சீராக ஓட்டுவதைவிட வெப்பம் இரண்டு மடங்கு. மோசமான நிலையில் இது நடக்கும். அலைவரிசையை 20 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் கரண்ட் சமமாகிவிடும், காதைத் துளைக்கும் அந்த ஙீஙீ சத்தமும் போய்விடும். பிடிஎஸ்7960 சிப் 25 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும். ஊனோவில் 9, 10 பின்களை டைமர் 1 மூலம் இப்படி மாற்றலாம், இஎஸ்பி32 பலகையில் ஒரே வரியில் முடிந்துவிடும்.

முழு வேகத்தில் முன்னே ஓடும் மோட்டாருக்குச் சட்டென்று ரிவர்ஸ் கொடுப்பதும் கொடுமை. அந்தக் கணத்தில் எதிர் வோல்டேஜ் பேட்டரியோடு சேர்ந்துகொள்ளும், கரண்ட் ஸ்டாலைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒரு முறை நடந்தால் ஒன்றும் ஆகாது. ஜாய்ஸ்டிக்கை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருந்தால் பிரஷும் கம்யூட்டேட்டரும் தீய்ந்துவிடும். வேகத்தைக் கால் விநாடி, அரை விநாடியில் படிப்படியாக மாற்றும் நாலு வரி நிரல் போதும்.

இனி உங்கள் ரோபோவுக்கு வருகிறேன். எதையும் வாங்கும் முன் அளந்துவிடுங்கள். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் நிலையிலோ, ஐஎன்ஏ219 சென்சாரிலோ (வழக்கமான பலகை 3.2 ஆம்பியர் வரை காட்டும்) ஒரு மோட்டாரின் கரண்டைப் பாருங்கள். முதலில் மோட்டார் தனியாக, எதுவும் மாட்டாமல். பிறகு ரோபோவில் மாட்டி, சக்கரம் காற்றில். பிறகு தரையில் நேராக. கடைசியாகத் தரையில் திரும்பும்போது. முதலிரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் பொருத்தியதில் கோளாறு: ஸ்குரூ அதிகமாக இறுக்கிக் கியர்பெட்டி நசுங்கியிருக்கும், தண்டு வளைந்திருக்கும், அச்சில் முடியோ நூலோ சுற்றியிருக்கும். உங்களுக்குக் கடைசி அளவில்தான் எகிறும் என்று நினைக்கிறேன். தொடர்ந்து ஓடும் கரண்ட் ஸ்டால் கரண்டில் கால் பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் பிரஷ் மோட்டார்கள் நெடுநாள் உழைக்கும். நான் எல்லா ரோபோவுக்கும் பார்க்கும் முதல் எண் இதுதான்.

மலிவான திருத்தம் சக்கரத்தில். பின் சக்கரம் இரண்டையும் கழற்றிவிட்டு ஒரு காஸ்டர் (எந்தப் பக்கமும் திரும்பும் சிறு சக்கரம்) போடுங்கள், பாரம் முன் சக்கரங்களின் மேல் வரும்படி பேட்டரியை நகர்த்துங்கள். திரும்பும்போது தேய்க்க வேண்டியதே இல்லாமல் போய்விடும், 1.46 என்பது 0.2 பக்கம் வந்துவிடும். நான்கு சக்கரமும் வேண்டும் என்றால் பின் சக்கரங்களுக்கு ஆம்னி வீல் (பக்கவாட்டிலும் உருளும் சக்கரம்) போடலாம். அதற்குக் காசு இல்லையென்றால் பின் டயர் ரப்பர் மேல் ஒரு சுற்று வழவழப்பான டேப் ஒட்டிப் பாருங்கள், பிடிப்பு குறைந்து பக்கவாட்டில் எளிதாக வழுக்கும். பார்க்க அசிங்கம், வேலை செய்யும். முன் பின் சக்கரங்களை நெருக்கமாக வைத்து ரோபோவை அகலமாக்குவதும் நல்லது. நீளம் அகலத்தில் பாதியானால் தேவையான விசையும் பாதி, வெப்பம் கால் பங்கு. நிரலிலும் நின்ற இடத்தில் திரும்புவதை விட்டு, வளைந்து திரும்பும்படி எழுதலாம்.

அடுத்தது கியர். டிடி மோட்டாரிலேயே 1:120 ரகம் கிடைக்கிறது. அதே சக்கர விசைக்கு மோட்டார் கரண்ட் இரண்டரை மடங்கு குறையும், வெப்பம் ஆறு மடங்குக்கு மேல் குறையும். வேகமும் இரண்டரை மடங்கு குறையும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் 1.5 கிலோ-சென்டிமீட்டரைத் தினமும் கேட்டால் இந்த முறை காயிலுக்குப் பதில் பிளாஸ்டிக் பல் போகும். மூன்று கிலோ, நான்கு சக்கரம், நின்ற இடத்தில் திருப்பம், மூன்றையும் விட முடியாது என்றால் டிடி மோட்டாரை மறந்துவிடுங்கள். 1.46-ஐக் கால் பங்காக வைக்க 6 கிலோ-சென்டிமீட்டர் ஸ்டால் விசை உள்ள மோட்டார் வேண்டும். 12 வோல்ட் மெட்டல் கியர் ஜான்சன் வகை மோட்டார்களில் 100 ஆர்பிஎம் பக்கம் பார்த்தால் அதைத் தாண்டியே கிடைக்கும். எடையும் கூடும் என்பதால் கணக்கைத் திரும்ப ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

எந்த மோட்டார் போட்டாலும் ஸ்டாலுக்கு ஒரு காவல் வேண்டும். என்கோடர் (சுழற்சியை எண்ணும் சென்சார்) இருந்தால், பிடபிள்யூஎம் கொடுத்தும் கால் விநாடிக்கு எண் மாறாவிட்டால் மோட்டாரை அணையுங்கள். என்கோடர் இல்லாவிட்டால் கரண்ட் சென்சார் வரம்பைத் தாண்டினால் அணையுங்கள். அதுவும் இல்லையென்றால் ஒவ்வொரு மோட்டார் வயரிலும் ஒரு பாலிஃபியூஸ் (ஆறியதும் தானே சரியாகிவிடும் ஃபியூஸ்). அது மெதுவாக வேலை செய்யும், விநாடிகள் எடுக்கும். சுவரில் முட்டி நின்றுவிட்ட ரோபோவை யாரும் கவனிக்காத நேரத்தில் அது காப்பாற்றும்.

மோட்டாரைப் பிடிக்கும் பிராக்கெட்டும் முக்கியம். அலுமினியப் பிராக்கெட் சூட்டைச் சட்டத்துக்கு இழுத்துக்கொள்ளும். பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி அச்சடித்த பிராக்கெட் 60 டிகிரியில் இளகத் தொடங்கும். மோட்டார் சாயும், கியர் இறுகும், கரண்ட் ஏறும், இன்னும் சூடாகும். மே மாத வெயிலில் மைதானத்தில் போட்டி நடந்தால் தொடக்கமே 40 டிகிரி, மூடிய பெட்டிக்குள் அதற்கும் மேல். மோட்டார் சூடேற உங்களுக்கு மீதி இருக்கும் இடம் அதிகமில்லை.

இதே கேள்வியை ரோபோ கை செய்பவர்களும் கேட்கிறார்கள், அங்கே எரிவது செர்வோ (சொன்ன கோணத்துக்குப் போய் நிற்கும் மோட்டார்). எம்ஜி996ஆர் 6 வோல்ட்டில் 11 கிலோ-சென்டிமீட்டர் என்று போட்டிருக்கும், அதுவும் ஸ்டால் விசைதான். 20 சென்டிமீட்டர் கை, நுனியில் 300 கிராம், கையின் சொந்த எடை 150 கிராம் என்றால் 7.5 கிலோ-சென்டிமீட்டர். கை அசையாமல் நீட்டிக்கொண்டு நிற்கும்போதும் செர்வோ மூன்றில் இரண்டு பங்கு திறனில் உழைத்துக்கொண்டே இருக்கிறது, அதன் மோட்டார் சுழலாமல். ஒரு ஸ்பிரிங்கோ எதிர் எடையோ போட்டால் இந்தப் பாரம் போய்விடும். இன்னொரு காரணம், அதற்கு மேல் திரும்ப விடாமல் செர்வோவுக்குள் இருக்கும் தடுப்பு. ஆர்டுயினோவின் செர்வோ லைப்ரரி 0 முதல் 180 டிகிரிக்கு 544 முதல் 2400 மைக்ரோ விநாடி நீளமுள்ள துடிப்பை அனுப்புகிறது. பல மலிவு செர்வோக்கள் அந்த இரு முனைக்கும் போக முடியாமல் உள்ளே முட்டி நின்று முனகும். முனகல் கேட்டாலே எல்லையைக் குறுக்குங்கள்.

ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்) சூடாவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிற்கும்போதும் முழுக் கரண்ட் ஓடுவது அதன் வேலை, கூடு 60, 70 டிகிரி வரை போகும். அதற்கு மேல் போனால் டிரைவரின் கரண்ட் அளவு தப்பு. ஏ4988 டிரைவரில் அந்தச் சின்னத் திருகில் வைக்க வேண்டிய வோல்டேஜ், கரண்ட் பெருக்கல் 8 பெருக்கல் சென்ஸ் ரெசிஸ்டர் (பலகையில் கரண்டை அளக்க வைத்திருக்கும் மின்தடை). 0.1 ஓம் பலகையில் 1 ஆம்பியருக்கு 0.8 வோல்ட்.

டிரோன் மோட்டார்களில் நான் முதலில் பார்க்கச் சொல்வது அடிப்பக்க ஸ்குரூ. ஒரு மில்லிமீட்டர் நீளமாக இருந்தால் போதும், நுனி காயிலைத் தொட்டு எனாமலைக் கிழித்துவிடும். முதல் நாள் ஓடும், அதிர்வில் தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் நடுவானில் ஷார்ட் ஆகும். 3 செல்லுக்கான இறக்கையை வைத்துக்கொண்டே 4 செல் பேட்டரி போடுவதும் அடிக்கடி நடக்கிறது. இறக்கை இழுக்கும் திறன் வேகத்தின் கனமாக ஏறும், கணக்குப்படி 2.3 மடங்குக்கு மேல். மேலும் அந்த மோட்டார் தன் இறக்கை தள்ளும் காற்றில் குளிர்ந்துகொள்ளும்படி செய்யப்பட்டது. அதைக் கழற்றிச் சக்கரத்தில் மாட்டினால் காற்று இல்லை, சூடு மட்டும் இருக்கும்.

கடைசியாக, எரியாமல் தப்பிய அந்த இரண்டு மோட்டார். அவற்றைப் புது மோட்டாருடன் கலந்து மாட்ட வேண்டாம், அவையும் அதே சூட்டைத் தின்றவைதான். மூன்று சோதனை செய்யுங்கள். தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பல இடங்களில் மின்தடையைப் பாருங்கள், ஏதாவது ஓர் இடத்தில் சட்டென்று சரிந்தால் காயில் உள்ளே தொட்டுக்கொண்டிருக்கிறது. அதே வோல்டேஜில் சுமையில்லாக் கரண்டைப் புது மோட்டாரோடு ஒப்பிடுங்கள், ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். வேகத்தையும் ஒப்பிடுங்கள், புதியதைவிட வேகமாகச் சுற்றினால் காந்தம் அடிவாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றிலும் தேறினால், விசை வேண்டாத வேலைக்கு, ஒரு சின்ன மின்விசிறி போல எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.